ஹார்ன்பில் திருவிழா: நெசவைக் காணச் செல்பவர்கள் டிசம்பரில் போகலாமா, ஊர்த் திருவிழாவுக்குக் காத்திருக்கலாமா?

பாவுக்காரர் (ஆரணி) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். ஆரணிக்கு அருகில் பட்டு நெய்து வாழும் குடும்பம் எங்களுடையது. வருகிற டிசம்பரில் என் தங்கையும் நானும் நாகாலாந்துக்குச் சென்று ஹார்ன்பில் திருவிழாவைப் பார்த்துவர எண்ணியிருக்கிறோம். ஆட்டமும் பாட்டும் பார்க்கும் ஆவல் இருந்தாலும், இடுப்பில் வார் கட்டிக்கொண்டு தரையில் அமர்ந்து நெய்யும் அந்தத் தறியை அருகிலிருந்து காண வேண்டும் என்பதே எங்கள் முதன்மையான நோக்கம். குழித்தறியில் காலால் மிதித்துப் பழகிய எங்களுக்கு, மிதிகட்டை இல்லாமல் ஒருவர் தம் உடலையே தறியின் ஓர் உறுப்பாக்கிக்கொண்டு நெய்வது எப்படி என்பது நேரில் கண்டால்தான் விளங்கும் போலிருக்கிறது.

ஆனால், சுற்றுலாவாக அங்கே சென்றுவந்த உறவினர் ஒருவர் எங்கள் உற்சாகத்தைக் குறைத்துவிட்டார். ஒரு மைதானத்தில் ஒவ்வொரு பழங்குடியும் வந்து சில நிமிடங்கள் ஆடிவிட்டுப் போகிறது, மாலையில் ராக் இசைப் போட்டி, இரவில் கடைவீதி, இவையெல்லாம் வெளியூர்க்காரர்களுக்காக அரசு நடத்தும் காட்சிதான், உண்மையான விழாவைப் பார்க்க வேண்டுமானால் ஏதாவது ஓர் ஊருக்கு அந்த ஊர்த் திருவிழாவின்போது போக வேண்டும் என்கிறார். அவர் சொல்வது சரியா? மேலும், நாகர்களின் சால்வைகளில் சில, போரில் எதிரியின் தலையைக் கொண்டுவந்தவர்களுக்கு மட்டுமே உரியவையாக இருந்தன என்று படித்தேன். அப்படிப்பட்ட ஒன்றை வெளியாள் விலை கொடுத்து வாங்கித் தோளில் போட்டுக்கொள்வது அவர்களைப் புண்படுத்துமா? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மலைப்பாதை எழுதியது:

ஐயா, வணக்கம். பணி நிமித்தமாகச் சில ஆண்டுகள் கோஹிமாவில் குடியிருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் உறவினர் சொன்னதில் பாதி உண்மை. ஹார்ன்பில் எந்தப் பழங்குடியின் சடங்கு நாளும் அன்று. நாகாலாந்து 1963 டிசம்பர் 1 அன்று தனி மாநிலமானது. அந்த நாளில் தொடங்கி டிசம்பர் 10 வரை எல்லாப் பழங்குடிகளையும் ஓரிடத்தில் கூட்டும் விழாவை மாநில அரசு 2000-ஆம் ஆண்டில் தொடங்கியது. விதைப்போ அறுவடையோ நோன்போ அதனுடன் பிணைந்திருக்கவில்லை. அவரவர் விழாக்கள் வேளாண்மையின் போக்கை ஒட்டி ஆண்டு முழுவதும் பரவிக் கிடக்கின்றன: அங்காமிகளுக்குப் பிப்ரவரி இறுதியில் செக்ரென்யி, கொன்யாக்குகளுக்கு ஏப்ரல் முதல் வாரத்தில் ஆவோலெங், விதைப்பு முடிந்த கையோடு மே தொடக்கத்தில் ஆவோக்களுக்கு மோவாட்சு, ஜூலையில் சூமிகளுக்குத் துலுனி, அறுவடைக்குப் பின் நவம்பரில் லோதாக்களுக்குத் தோக்கு எமோங். இவற்றில் ஒன்றை அந்தந்த ஊரில் இருந்து பார்ப்பது வேறுவகையான அனுபவம் என்பதில் ஐயமில்லை.

மறுபாதியில் உங்கள் உறவினருடன் நான் உடன்படவில்லை. கோஹிமாவுக்குத் தெற்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டரில், கிக்வேமா, ஃபெசாமா ஆகிய ஊர்களுக்கு அருகே அமைந்த கிசாமா பாரம்பரியச் சிற்றூரில்தான் விழா நடக்கிறது. பெரும்பாலானவர்கள் கீழேயுள்ள ஆட்டக்களத்தின் படிக்கட்டில் இடம்பிடித்து உட்கார்ந்து, களத்தில் நடப்பதைப் படமெடுத்துவிட்டு, பிற்பகலில் கிளம்பிவிடுகிறார்கள். அந்தக் களத்தைச் சூழ்ந்த சரிவில், ஒவ்வொரு பழங்குடிக்கும் அதன் மரபுப்படி கட்டப்பட்ட மொருங் இருக்கிறது. மொருங் என்பது முற்காலத்தில் ஊர் இளைஞர்கள் ஒன்றாகத் தங்கிக் காவல், வேட்டை, பாட்டு, கைத்தொழில் அனைத்தையும் மூத்தவர்களிடம் கற்றுக்கொண்ட பொதுமனை. அமெரிக்க பாப்டிஸ்ட் மறைப்பணியாளர்கள் 1870-களில் ஆவோ ஊர்களில் பணியைத் தொடங்கியது முதல், பள்ளியும் தேவாலயமும் அந்த மனையின் இடத்தைச் சிறிது சிறிதாக எடுத்துக்கொண்டன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாநில மக்களில் ஏறத்தாழ 88 விழுக்காட்டினர் கிறித்தவர்கள். பல ஊர்களில் மொருங் இன்று நினைவாக மட்டுமே எஞ்சியிருக்கிறது.

ஆகவே, கிசாமாவின் மொருங் முற்றத்தில் காலையில் போய் நின்று பாருங்கள் என்பேன். களத்துக்கு இறங்குவதற்கு முன்பு ஒரு முதியவர் பாட்டின் முதலடியை எடுத்துக் கொடுக்க, இளைஞர்கள் தப்பும் தவறுமாகப் பிடித்துக்கொள்வதும், அவர் கையை உயர்த்தி நிறுத்தி மீண்டும் முதலிலிருந்து பாடச் சொல்வதும் அங்கேதான் நடக்கும். ஒரே பெருமரத்தின் அடியைக் குடைந்து செய்த மரமுரசின் இருபுறமும் வரிசையாக நின்று கட்டைகளால் அடிக்கும்போது, ஒருவர் கை முந்தினாலும் ஓசை கலைந்துவிடும். மேலே நின்று வழிநடத்துபவரின் குரலுக்கு எல்லாருடைய கைகளும் ஒன்றாக விழும் அந்தக் கட்டுப்பாடு ஒத்திகையில்தான் பிறக்கிறது. களத்தில் நீங்கள் காணும் சில நிமிடம் அதன் விளைவு மட்டுமே. விழாவுக்காகப் பாட்டைப் பயில்வதால் அது பொய்யான பாட்டாகிவிடாது என்பது என் உறுதியான கருத்து.

நடைமுறைச் செய்திகளையும் சொல்லிவிடுகிறேன். 1873-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டத்தின் வழிவந்த இன்னர் லைன் பெர்மிட் என்ற நுழைவு அனுமதி இல்லாமல் பிற மாநிலத்தவர் அங்கே நுழைய முடியாது. 2019 முதல் திமாப்பூரும் இதற்குள் அடங்கும். இணையத்தில் விண்ணப்பிக்கலாம். ரயிலும் விமானமும் திமாப்பூர் வரைதான், அங்கிருந்து கோஹிமா மலைச்சாலையில் ஏறத்தாழ 70 கிலோமீட்டர். கன்னியாகுமரியிலிருந்து திப்ரூகர் செல்லும் விவேக் எக்ஸ்பிரஸ் காட்பாடி, திமாப்பூர் இரண்டின் வழியாகவும் போகிறது. பயணம் நெடியது, ஆனால் வண்டி மாற வேண்டியதில்லை. டிசம்பரில் அங்கே நான்கரை மணியளவில் பொழுது சாய்ந்துவிடும், குளிரும் கடுமை. தங்குமிடத்தைப் பல வாரங்களுக்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

இழைக்கணக்கு எழுதியது:

ஐயாவுக்கும் தங்கைக்கும் வணக்கம். துணி வடிவமைப்பு கற்பிக்கும் ஆசிரியை நான், நாகத் தறியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். நீங்கள் பார்க்க விரும்பும் இடுப்புத்தறி கிசாமாவில் கட்டாயம் இயங்கிக்கொண்டிருக்கும். பல மொருங்குகளின் திண்ணையிலும் கைவினைக் கூடத்திலும் பெண்கள் அமர்ந்து நெய்வார்கள். பாவின், அதாவது நீளவாட்டு இழைகளின், ஒரு முனை சுவரிலோ தூணிலோ கட்டிய மூங்கிலில் மாட்டப்பட்டிருக்கும். மறுமுனையிலுள்ள கழியை நெய்பவரின் இடுப்பைச் சுற்றிய வார் இழுத்துப் பிடிக்கும். கால்களை நீட்டி ஊன்றிக்கொண்டு, பின்னால் சாய்ந்தால் பாவு விறைக்கும், முன்னால் குனிந்தால் தளரும். நீங்கள் மிதிகட்டையாலும் படைமரத்தாலும் செய்வதை அவர் முதுகாலும் இடுப்பாலும் செய்கிறார். பாவிழைகளைப் பிரித்துத் தூக்கும் விழுதுக்கழியைக் கையால் உயர்த்தி, குறுக்கிழையான ஊடையைச் செலுத்தி, வாள் போன்ற கனமான மரப்பலகையால் அடித்து நெருக்குவார். அந்த அடியின் ஓசையைக் கேட்டே நெய்பவரின் கைப்பழக்கத்தைச் சொல்லிவிடலாம்.

உங்கள் கண்ணுக்கு உடனே படப்போகும் வேறுபாடு ஒன்று உண்டு. நம் பட்டில் பாவும் ஊடையும் சேர்ந்தே நிறம் காட்டும். அங்கே பாவிழைகள் மிக நெருக்கமாக இருப்பதால் ஊடை ஏறத்தாழ மறைந்தே போகும். கோடுகள் யாவும் பாவிலேயே தீர்மானிக்கப்படுகின்றன. ஆகவே, பாவு பூட்டும்போது இழை எண்ணுவதில்தான் சால்வையின் அறிவு முழுவதும் அடங்கியிருக்கிறது. பூவேலைக்குத் தனி இழையை விரலாலோ மூங்கில் ஈர்க்காலோ முள்ளம்பன்றி முள்ளாலோ எடுத்துக் கோப்பார்கள். துணியின் அகலம் நெய்பவரின் கை எட்டும் அளவைத் தாண்ட முடியாது. அதனால் சால்வை ஒன்றை இரண்டு அல்லது மூன்று பட்டைகளாக நெய்து, பக்கவாட்டில் தைத்து இணைக்கிறார்கள்.

இந்த இணைப்புத் தையல்தான் வாங்கும்போது உங்களுக்குத் துணை. இயந்திரத் தறியில் நெய்த நகல்கள் சந்தையில் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றில் தையல் இருக்காது, முழு அகலமும் ஒரே துணியாக இருக்கும், புரட்டிப் பார்த்தால் கனமும் குறைவு. கைத்தறிப் பட்டு என்று சொல்லி விசைத்தறிச் சேலையை விற்பதைக் கண்டு நீங்கள் படும் வேதனையை அந்தப் பெண்களும் படுகிறார்கள். சாக்கேசாங் பழங்குடியின் சால்வைக்கு 2017-இல் புவிசார் குறியீடு பெற்றதற்கு இந்த நகல்களின் தொல்லையும் ஒரு காரணம். விலை கூடுதலாகத் தோன்றினாலும், நெய்தவரிடமே கேட்டு வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சால்வையின் உரிமை பற்றிய உங்கள் கேள்வி மிக முக்கியமானது. ஆவோக்களின் சுங்கோதெப்சு சால்வையை எடுத்துக்கொள்ளுங்கள். கருநிறப் பின்புலத்தில் சிவப்புக் கோடுகள், நடுவே ஒரு வெள்ளைப் பட்டை. அந்தப் பட்டையில் மிதுன் மாடு, யானை, புலி, சேவல், மனிதத் தலை ஆகியவற்றைக் கறுப்பு மையால் வரைந்திருப்பார்கள். துணியை நெய்வது பெண்கள், பட்டையில் வரைவது ஆண்கள். தலை கொண்டுவந்த வீரர்களுக்கு மட்டுமன்றி, மிதுனை அறுத்து ஊருக்கே விருந்திட்ட செல்வர்களுக்கும் அது உரியதாக இருந்தது. தலைவேட்டையை மட்டும் பிடித்துக்கொண்டு பேசுகிறவர்கள் இந்த இரண்டாவது செய்தியை விட்டுவிடுகிறார்கள் என்பது எனக்கு எப்போதும் வருத்தம். சேர்த்து வைத்ததையெல்லாம் ஊருக்குப் பகிர்ந்து கொடுத்தவன் என்பதற்கான பொதுச் சான்றாகத் தோளில் ஒரு துணி கிடந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். பல நாகப் பழங்குடிகளில் இந்த விருந்து வழக்கமும் அதற்குரிய சால்வையும் இருந்தன. இன்று சுங்கோதெப்சு ஆவோ ஆண்களின் பொது அடையாளமாக இருக்கிறது, விருந்தினர்களுக்கும் போர்த்துகிறார்கள். இருந்தாலும் ஆண்களுக்கு உரியது எது, பெண்களுக்கு உரியது எது, யாரும் போர்த்தலாம் என்பது எது என்று விற்பவரிடம் கேட்டுவிட்டு வாங்குவதே மரியாதை. கேட்டால் மகிழ்ச்சியோடு சொல்வார்கள். அதைவிட, அதை வெட்டிப் பையாகவோ மேசை விரிப்பாகவோ ஆக்குவதுதான் அவர்களைப் புண்படுத்தும்.

களரிக்கட்டு எழுதியது:

மேலே இருவரும் விரிவாக எழுதியிருக்கிறார்கள். திருவண்ணாமலைப் பகுதியில் கூத்து பயில்பவன் என்பதால் சற்று மாறுபட்ட ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். பாரதக் கூத்தை ஊரில் இரவு தொடங்கி விடியும் வரை ஆடுகிறோம். சென்னையில் 2007-இல் தொடங்கிய சங்கமம் போன்ற விழாக்களில் அதே கூத்துக்கு மிகக் குறுகிய நேரமே கிடைக்கும். மேடை கிடைத்ததில் நன்மை உண்டு, ஊதியம் உண்டு, நகரத்துப் பிள்ளைகள் முதன்முறையாகப் பார்க்கிறார்கள், இவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் ஊர்க்களத்தில் எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கதை தெரியும், அடவு தெரியும், தவறினால் அங்கேயே கேட்பார்கள். விருத்தத்தை இழுத்துப் பாடினால் எங்கே இழுப்பது என்பதை அவர்கள் முகத்தைப் பார்த்தே முடிவுசெய்வோம். அந்த உரையாடல் விழா மேடையில் இல்லை. மலைப்பாதை ஐயா சொல்வதுபோல் பாட்டு பொய்யாகிவிடாது என்பது மெய்தான். ஆயினும், கேட்பவரின் உரிமை கழிந்துபோன பாட்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தன் நீளத்தையும் நுணுக்கத்தையும் இழக்கிறது என்பதை நான் என் கலையிலேயே காண்கிறேன். கிசாமாவுக்கும் அது பொருந்தாமல் இருக்க வாய்ப்பில்லை.

எனினும், அந்தக் களத்தை வெறும் காட்சி என்று ஒதுக்கிவிடவும் எனக்கு மனம் வரவில்லை. காரணம், 2021 டிசம்பரில் நடந்தது. மோன் மாவட்டத்தில் ஓட்டிங் என்ற ஊருக்கு அருகே, சுரங்க வேலை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த கொன்யாக் தொழிலாளர்களும் அதைத் தொடர்ந்து ஊர் மக்களும் இராணுவத்தினரின் துப்பாக்கிச் சூட்டில் கொல்லப்பட்டனர். விழா நடந்துகொண்டிருந்த நாள்கள் அவை. மொருங்குகளில் கறுப்புக் கொடி ஏறியது, பழங்குடிகள் ஆட மறுத்தனர், அரசு அவ்வாண்டு விழாவை இடையிலேயே நிறுத்தியது. அடுத்த ஆண்டு, தனி மாநிலக் கோரிக்கையை முன்வைத்துக் கிழக்கு நாகாலாந்தின் பழங்குடிகள் விழாவில் பங்கேற்காமல் விலகி நின்றனர். ஆடுவதும் ஆடாதிருப்பதும் தங்கள் முடிவு என்பதை அவர்கள் அரசுக்கும் நாட்டுக்கும் அந்தக் களத்தில்தான் உணர்த்தினார்கள். சுற்றுலாவுக்காக வாடகைக்கு அமர்த்தப்பட்டவர்களுக்கு அப்படியோர் அதிகாரம் இருந்திருக்காது. நீங்கள் அங்கே சென்றால் இந்த வரலாற்றையும் அறிந்துகொண்டு செல்ல வேண்டும் என்பதற்காகவே இதை எழுதினேன்.

பாவுக்காரர் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பாவு பூட்டுவதில்தான் அறிவு முழுவதும் இருக்கிறது என்று படித்ததும், நெய்யும் இடத்தைவிடப் பாவு பூட்டும் இடத்தைத் தேடிப் போக வேண்டும் என்று தங்கை சொல்லிவிட்டாள். இன்னொரு தயக்கமும் அவளுக்கு இருக்கிறது. படங்களில், ஆடுபவர்களின் தலையணியில் இருவாச்சியின் (ஹார்ன்பில்) இறகுகளைப் பார்த்தோம். விழாவே அந்தப் பறவையின் பெயரால் நடக்கும்போது, அதன் இறகுக்காகப் பறவைகள் கொல்லப்படுகின்றனவா? அப்படியானால் அதைக் கைதட்டிப் பார்க்க அவளுக்கு விருப்பமில்லை.

சோலைக்காடு (வால்பாறை) எழுதியது:

தங்கையின் தயக்கம் நியாயமானது. ஆனைமலைக் காடுகளில் நாங்கள் காணும் பெரும் இருவாச்சியும் அதே பறவைதான். குஞ்சு பொரிக்கும் காலத்தில் பெண்பறவை மரப்பொந்துக்குள் புகுந்து வாயிலை அடைத்துக்கொள்ளும், சிறு பிளவின் வழியாக ஆண்பறவை பழம் ஊட்டும். அந்த வேளையில் ஆண்பறவை ஒன்று வேட்டையாடப்பட்டால் உள்ளே இருப்பவையும் பசியால் மடிய நேரலாம். முற்காலத்தில் ஒரு தலையணி தலைமுறை தலைமுறையாகக் குடும்பத்தில் கைமாறியது, காடும் பெரிதாக இருந்தது. துப்பாக்கி வந்து காடு சுருங்கிய பிறகு கணக்கு மாறிவிட்டது. நாகாலாந்தின் பல இடங்களில் இருவாச்சி மிக அரிதாகிவிட்டது என்பது உண்மை, அதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால், அதைச் சரிசெய்யும் முயற்சியும் பழங்குடிகளிடமிருந்தே வந்துகொண்டிருக்கிறது. அண்டை மாநிலமான அருணாசலப் பிரதேசத்தில் நிஷி பழங்குடி ஆண்கள் இருவாச்சி அலகு பொருத்திய தொப்பியை அணிவது மரபு. இப்போது பலர் கண்ணாடியிழையால் செய்த அலகைப் பொருத்திக்கொள்கிறார்கள். பக்கே புலிகள் காப்பகத்தை ஒட்டிய ஊர்களில், முன்பு வேட்டையாடியவர்களே கூடு காக்கும் காவலர்களாக ஊதியம் பெற்றுப் பணியாற்றுகிறார்கள். அங்கே 2015 முதல் இருவாச்சிக்கெனத் தனி விழாவும் நடக்கிறது. நாகாலாந்திலும் வெள்ளை இறகில் கறுப்புப் பட்டை தீட்டிய செயற்கை இறகுகள் பரவலாகிவிட்டன. தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது. நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: அசல் இறகு, அலகு, நகம், பல் என்று யார் எதை விற்றாலும் வாங்காதீர்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம் என்பதோடு, வாங்குபவர் இருக்கும் வரை வேட்டையும் இருக்கும்.

இழைக்கணக்கு எழுதியது:

தங்கை பாவு பூட்டுவதைப் பார்க்க வேண்டும் என்று சொன்னதால் மீண்டும் எழுதுகிறேன். கிசாமாவுக்கு வரும் பெண்கள் பெரும்பாலும் பாவை ஊரிலேயே பூட்டிக்கொண்டுதான் வருவார்கள், விழா நடுவே பூட்டுவதைக் காண்பது அரிது. ஆகையால், டிசம்பரில் செல்லுங்கள், ஆனால் பத்து நாளும் களத்திலேயே கழிக்காதீர்கள். முதல் இரண்டு மூன்று நாள் எல்லா மொருங்குகளையும் சுற்றிவந்து, எந்தப் பழங்குடியின் நெசவு உங்களை ஈர்க்கிறதோ அவர்களிடம் பேசிப் பழகி, அவர்கள் ஊருக்கு வர அனுமதி கேளுங்கள். ஃபேக் மாவட்டத்தில் சிசாமி என்ற ஊரைச் சுற்றிப் பெண்கள் கூட்டாக இணைந்து இடுப்புத்தறியில் நெய்து விற்கிறார்கள். அங்கே சென்றால் பாவு பூட்டுவது முதல் பட்டைகளைத் தைத்து இணைப்பது வரை ஒரே இடத்தில் பார்க்கலாம். முன்கூட்டியே தெரிவித்துவிட்டுப் போவது நல்லது, ஏனென்றால் அவர்களுக்கு வயல்வேலையும் உண்டு. களரிக்கட்டு சொன்னதை ஒட்டி, கேட்கத் தெரிந்தவர்களாக ஓர் ஊர்த் திருவிழாவுக்குப் போக விரும்பினால், டிசம்பரில் கிடைத்த பழக்கத்தை வைத்து அடுத்த பிப்ரவரியில் செக்ரென்யிக்கு ஓர் அங்காமி வீட்டில் விருந்தினராகத் தங்கலாம். அழைப்பில்லாமல் போய் நிற்பதைவிட அது எவ்வளவோ மேல்.

இன்னொன்று, போகும்போது உங்கள் தறியில் நெய்த துணியை ஒரு முழமாவது எடுத்துச் செல்லுங்கள். உடலும் கரையும் இணையும் இடத்தை அவர்கள் நிச்சயம் புரட்டிப் பார்ப்பார்கள். அவர்கள் ஊசியால் இணைப்பதை நீங்கள் தறியிலேயே எப்படி இணைக்கிறீர்கள் என்று கேட்பார்கள். அதை விளக்க ஒரு சிறு சட்டத்தில் பாவிழைகளைக் கட்டிக் கையோடு கொண்டுபோனால் மொழி தெரியாத குறை இருக்காது.